சிப்பிப்பாறையைக் கையால் படிக்க வேண்டும்: நடுவர் பயிற்சி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

நாய்க் கண்காட்சி நடத்தும் கென்னல் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும், நடுவராகப் பயிற்சி பெறும் நண்பர்களுக்கும்,

வணக்கம்.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் சிப்பிப்பாறை, கன்னி, இராஜபாளையம் நாய்களை வளர்ப்பவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். எங்கள் கோரிக்கை ஒன்றுதான். நாட்டு நாய் இனங்களை வருங்கால நடுவர்களுக்கு அறிமுகம் செய்யும் வகுப்பை ஏசி ஹாலில் படம் போட்டுக் காட்டி முடித்துவிடாதீர்கள். உயிருள்ள நாய்களை வைத்து, மண் தரையில், வெயில் ஏறுவதற்கு முன் நடத்துங்கள். படத்தில் பார்த்த சிப்பிப்பாறையும் கை வைத்துப் பார்த்த சிப்பிப்பாறையும் ஒன்றல்ல.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், நடுவரின் முடிவு கோப்பையோடு நிற்பதில்லை. இன்று முதலிடம் வாங்கும் ஆண் நாய்க்கு அடுத்த வாரமே கிராசிங் (பெட்டையோடு இணை சேர்ப்பது) கேட்டு போன் வரும். 63 நாளில் குட்டிகள் விழும். அந்தக் குட்டிகள் ஓசூர், அரூர், பாலக்கோடு என்று பரவும். நடுவர் பருத்த உடம்பைப் பார்த்துக் கை காட்டினால், ஊரில் பருத்த உடம்புக்காக கிரேஹவுண்டு என்ற வெளிநாட்டு ஓட்ட நாயின் ரத்தம் கலக்கும். நான்கைந்து தலைமுறையில் பெயர் மட்டும்தான் சிப்பிப்பாறையாக இருக்கும். கலப்பினம் வந்த பிறகு ஆலம்பாடி மாடு எப்படி அருகிப்போனது என்பதைத் தருமபுரிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதைக் காப்பாற்ற காரிமங்கலம் பக்கம் அரசே ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்க வேண்டி வந்தது. நாய்க்கும் அந்த நிலை வரும்வரை காத்திருக்க எங்களுக்கு மனமில்லை.

வகுப்பு எடுப்பவர்களுக்கு முதலில் ஒரு வேண்டுகோள். பழம்பெருமைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஒதுக்காதீர்கள். 2005ல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டதில் இராஜபாளையமும் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் நம் இனங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள நிறுவனம் இராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகத்து முதோல் மூன்றையும் இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. ஊத்தங்கரை தாண்டி செங்கம் பக்கம் போனால், எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு நடுகல்லில், கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற நாயைப் பெயரோடு பொறித்திருக்கிறார்கள். இவையெல்லாம் நமக்குப் பெருமைதான். ஆனால் இவற்றைக் கேட்டுவிட்டுக் கண்காட்சி வளையத்துக்குள் இறங்கும் நடுவருக்கு, முன்னால் நிற்கும் இரண்டு நாய்களில் எது மேல் என்று சொல்ல இதில் எதுவும் உதவாது.

வேலையிலிருந்து தொடங்குங்கள். சிப்பிப்பாறை விருதுநகர், தூத்துக்குடி பக்கத்துக் கரிசலில், வெட்டவெளியில், கண்ணால் கண்டு துரத்த உருவான நாய். மோப்பத்தை நம்பி நிற்கும் நாய் அல்ல. அதன் உடம்பில் எது ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு இந்த ஒரு வாக்கியத்தில் விடை இருக்கிறது. நீண்டு ஒடுங்கிய தலை, முழங்கை வரை இறங்கிய மார்க்கூடு, ஒட்டிய அடிவயிறு, நீண்ட தொடை, சாட்டை போன்ற வால், மெல்லிய தோல், குட்டை மயிர். வேகமாக ஓடவும், ஓடியபடியே திரும்பவும், உடல் சூட்டை விரைவாக வெளியேற்றவும் இவை வேண்டும். பயிற்சி பெறுபவர் இதை மனதில் வாங்கிவிட்டால், இனம் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிவைத்த தர விளக்கத்தின் ஒவ்வொரு வரியையும் மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியம் பாதி குறைந்துவிடும்.

பிறகு நாய்களை நிறுத்துங்கள். குறைந்தது ஆறு நாய்கள் வேண்டும். இரண்டு வளர்ந்த ஆண், இரண்டு வளர்ந்த பெட்டை, பத்து மாத அளவில் ஒரு இளசு, ஏழு வயது தாண்டிய ஒன்று. எல்லாம் ஒரே வீட்டு நாயாக இருக்கக் கூடாது. ஒரே வீட்டு நாய்களைப் பார்த்தவர் அந்த வீட்டின் சாயலையே இனத்தின் சாயல் என்று நினைத்துவிடுவார். ஆறும் சாம்பியனாக இருக்கவும் வேண்டாம். நடுத்தரமான நாய் இரண்டு இருந்தால்தான் நல்லதன் அருமை தெரியும். எது யாருடையது என்று வகுப்பு முடியும்வரை சொல்லக் கூடாது.

ஐந்து மீட்டர் தள்ளி நின்று மூன்று நிமிடம் வாய் திறக்காமல் பார்க்கச் சொல்லுங்கள். யாரும் பேசுவதற்கு முன் ஒவ்வொருவரும் தன் கணிப்பை எழுதிவிட வேண்டும். ஒருவர் "மூணாவது சூப்பர்" என்று சொல்லிவிட்டால் மற்ற எல்லார் கண்ணும் மூன்றாவது நாயிடமே போகும். தூரத்திலிருந்து பார்க்கும்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: நிறத்தை மறைத்துவிட்டு நிழலாக மட்டும் பார்த்தால், இது சிப்பிப்பாறை என்று தெரிகிறதா?

இனி, புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம். அது உடல் மெலிவு. லாப்ரடாரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நல்ல நிலையிலுள்ள சிப்பிப்பாறை பட்டினி கிடந்த நாயாகத் தெரியும். "ஒல்லியா இருக்கு, சாப்பாடு போடறதில்லையா?" என்று வளையத்துக்குள்ளேயே கேட்ட நடுவர்கள் உண்டு. கடைசி மூன்று நான்கு விலா எலும்பு நிற்கும்போதே தெரிவதும், இடுப்பெலும்பின் இரு முனையும் தெரிவதும் இந்த இனத்தில் இயல்பு. அது ஆரோக்கியமா, பட்டினியா என்று கண் சொல்லாது, கைதான் சொல்லும். உள்ளங்கையைத் தோள் முதல் இடுப்பு வரை முதுகின் மேல் மெல்ல இழுங்கள். ஆரோக்கியமான நாயில் முதுகெலும்பின் இரு பக்கமும் சதை வாய்க்கால் கரை போல உருண்டு நிற்கும். நடுவில் எலும்பு விரலுக்கு லேசாகத்தான் தட்டும். பட்டினி நாயில் எலும்பு கூரை முகடு மாதிரி மேலே நிற்கும், இரு பக்கமும் சரிந்து போகும். அடுத்து பின்தொடையைக் கையால் சுற்றிப் பிடியுங்கள். சதை இறுகி, முறுக்கிய கயிறு போல இருக்க வேண்டும். தளர்ந்து தொளதொளத்தால் உடற்பயிற்சி இல்லை. சதையே இல்லாமல் எலும்பில் தோல் ஒட்டியிருந்தால் உணவோ உடல்நலமோ சரியில்லை. நெற்றிப் பொட்டில் குழி, மங்கிய மயிர், இழுத்து விட்ட தோல் உடனே திரும்பாமல் கூடாரமாக நிற்பது ஆகியவையும் கெட்ட அறிகுறிகள்தான்.

எதிர்த்திசைத் தவறும் இதே அளவு நடக்கிறது. விலா தெரிந்தால் மார்க் குறையும் என்று பயந்து, காட்சிக்கு ஒரு மாதம் முன்பிருந்தே நாயைக் கட்டிப்போட்டுக் கோழியும் சோறும் திணிக்கிறார்கள். இரண்டு மூன்று கிலோ ஏறும், விலா மறையும், வளையத்தில் பளபளவென்று நிற்கும். அந்த நாயை ஓடவிட்டால் 200 மீட்டரில் நாக்கைத் தள்ளும். அதற்கு முதலிடம் கொடுக்கும் நடுவர், அடுத்த ஆண்டு எல்லா நாயையும் கட்டிப்போடச் சொல்கிறார் என்றுதான் வளர்ப்பவன் புரிந்துகொள்வான்.

முதுகில் இன்னொரு குழப்பம் உண்டு. இடுப்புக்கு மேல், கடைசி விலாவுக்குப் பின்னால், லேசான வளைவு இருப்பது ஓட்ட நாயின் வில். அந்த வளைவு தோளுக்குப் பின்னாலேயே தொடங்கினால் அது கூன். ஆனால் குளிரில் நடுங்கும் நாயும், பயந்த நாயும்கூடக் கூனி நிற்கும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் காலையில் நல்ல நாயே அப்படித்தான் நிற்கும். அதனால் நின்ற நிலையில் கூன் என்று எழுதிவிடாமல், நடக்கவிட்டு மறுபடி பாருங்கள். நடையில் நேராகிவிட்டால் அது குற்றமல்ல.

தோளில், இரு தோள்பட்டை எலும்பின் நுனிகளுக்கு நடுவே விரல் வைத்துப் பாருங்கள். இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும். இது ஒட்டிப்போயிருந்தால் ஓடும்போது நாய் தலையைத் தாழ்த்த முடியாது. தாழ்த்தினால் எலும்புகள் ஒன்றோடொன்று இடிக்கும். மார்க்கூட்டின் அடியில் கையைத் தட்டையாக வைத்தால் முழங்கை மட்டத்துக்கு வர வேண்டும். ஆழம் வேண்டும், பீப்பாய் போன்ற அகலம் வேண்டாம். பாதத்தில் விரல்கள் சேர்ந்திருக்கிறதா, அடிமெத்தை தடித்திருக்கிறதா என்று தூக்கிப் பாருங்கள். எங்கள் பக்கத்துக் கல்லாங்காட்டில் விரிந்த பாதம் ஒரு வாரம் தாங்காது. நகம் எண்ணும் பழக்கம் ஊரில் உண்டு. சாதாரணமாக 18, பின்னங்காலில் ஒட்டு நகம் இருந்தால் 19 அல்லது 20. மாட்டுக்குச் சுழி பார்க்கிற மாதிரி சிலர் இதற்கு விலையே வைக்கிறார்கள். மதிப்பீட்டில் அதற்கு இடம் தர வேண்டாம்.

உயரத்தை அளந்து காட்டுங்கள், கண்மட்டத்தில் சொல்லாதீர்கள். ஆண் சிப்பிப்பாறை தோளில் 25 அங்குலத்தை ஒட்டி நிற்கும், பெட்டை கொஞ்சம் குறைவு. அளவுகோலை மண்ணில் வைத்தால் அரை அங்குலம் புதைந்து கணக்குத் தவறும். ஒரு பலகையோ கடப்பாக் கல்லோ போட்டு அதன் மேல் நாயும் கோலும் நிற்க வேண்டும். லீஷைத் தூக்கிப் பிடித்துக் கழுத்தை இழுக்கும் கையாளரையும் (நாயைப் பிடித்து நிற்பவர்), பின்னங்காலை அகட்டி வைக்கும் கையாளரையும் சரிசெய்த பிறகே அளக்க வேண்டும். உயரம் அதிகம் என்பதற்காக மதிப்பெண் ஏறக் கூடாது என்பதை வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். "பெருசா இருக்கு" என்பதுதான் நம் இனங்களைக் கெடுத்த முதல் பாராட்டு.

வாயைப் பார்க்கும் முறை தனியாகக் கற்றுத்தர வேண்டியது. நடுவரே பாய்ந்து தாடையைப் பிடிக்கக் கூடாது. கையாளரை உதட்டைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். முதலில் இரு பக்கம், கடைசியில் முன்பக்கம். மூக்கைப் பொத்தினால் எந்த நாயும் திமிறும். மேலே 20, கீழே 22, ஆக 42 பற்கள். மேல் வெட்டுப்பல் கீழ்ப்பல்லைக் கத்தரிக்கோல் போல ஒட்டி மூட வேண்டும். இளசில் பல் விழுந்து முளைப்பது நான்கு முதல் ஆறு மாதம் வரை நடக்கும். அந்த வயதில் பல் குறைவு என்று எழுத வேண்டாம். பல்லோடு ஈறையும் பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். வெளிறிக் கிடந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அந்த நாயை வரிசையிலிருந்து எடுத்து மருத்துவரிடம் அனுப்புவதுதான் சரி. ஆண் நாயில் இரு விதைகளும் இறங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதற்கு முன் கையாளரிடம் சொல்லிவிட்டுத் தொட வேண்டும்.

தொடுவது பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிப்பிப்பாறை ஒருவனுக்கு அடங்கும் நாய். அந்நியர் கை அதற்குப் பிடிக்காது. வாலாட்டி வரவேற்கவில்லை என்பதைக் குணக்கேடாக எழுதினால், வாலாட்டும் நாய்களையே இனம் பெருக்குவார்கள், காவல் போய்விடும். பின்னாலிருந்து வராதீர்கள். கண்ணுக்குள் உற்றுப் பார்க்காதீர்கள். தலைக்கு மேல் கை நீட்டாதீர்கள். பக்கவாட்டில் சாதாரண நடையில் வந்து, கையாளரிடம் இரண்டு வார்த்தை பேசி, நாய் உங்கள் குரலைக் கேட்ட பிறகு தோளில் முதல் கை வையுங்கள். உடம்பைக் கொஞ்சம் சாய்த்து விலகி, பிறகு நின்றுவிட்டால் அது இனத்தின் ஒதுக்கம். வாலை வயிற்றுக்கடியில் செருகி, நடுங்கி, அரை நிமிடம் ஆகியும் தெளியவில்லை என்றால் அது கோழைத்தனம். பல்லைக் காட்டிப் பாய்ந்தால் எந்த இனமானாலும் வெளியே அனுப்புங்கள். நாட்டு நாய் என்று சலுகை தேவையில்லை.

நடையைக் காட்ட 30 மீட்டர் நேர்க்கோடு வேண்டும். பந்தல் போட்ட 10 மீட்டர் வளையத்தில் நீண்ட கால் நாய் நான்கு எட்டில் திரும்பிவிடும், ஒன்றும் தெரியாது. லீஷ் தளர்ந்திருக்க வேண்டும். ஒருமுறை விலகிப் போய்த் திரும்பி வரச் சொல்லுங்கள், அடுத்து பக்கவாட்டில். பின்னால் நின்று பார்க்கும்போது, வேகம் கூடக்கூடக் கால்கள் உடம்பின் நடுக்கோட்டை நோக்கிக் குவியும். இதை "நெருக்கக்கால்" என்று புதியவர்கள் தவறாமல் குற்றமாக எழுதுகிறார்கள். அது இயற்கை. பின்னங்காலின் பின்மூட்டு உள்ளே வளைந்து ஒன்றோடொன்று உரசினால்தான் குற்றம். இடப்பக்கக் கால் இரண்டும் சேர்ந்து, வலப்பக்கக் கால் இரண்டும் சேர்ந்து போனால், கையாளர் மெதுவாகப் போகிறார் அல்லது நாய் களைத்திருக்கிறது. வேகத்தைக் கூட்டச் சொல்லி மறுபடி பாருங்கள். முன்னங்காலை உயரத் தூக்கித் தூக்கி வைக்கும் நடைக்குக் கைதட்டல் வரும். வீணாகும் ஆற்றல் அது. இந்த நாய் தரையை ஒட்டி, நீளமாக எட்டு வைக்க வேண்டும்.

முடிந்தால் வேலி போட்ட 100 மீட்டர் திடலில் ஓடவிட்டும் காட்டுங்கள். கயிற்றில் கட்டிய கந்தல் துணியை இழுத்தால் போதும், துரத்தும். செல்போனில் ஸ்லோமோஷனில் எடுத்தால், ஒரே எட்டில் நான்கு காலும் இருமுறை காற்றில் இருப்பது தெரியும், ஒருமுறை சுருங்கி, ஒருமுறை விரிந்து. முயலை வைத்துக் காட்டலாம் என்று யாராவது சொன்னால் அவரை வகுப்புக்கே சேர்க்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

கலப்பு அறிகுறிகளை ஒளிவுமறைவின்றிப் பேச வேண்டும். கிரேஹவுண்டு கலந்ததில் காது ரோஜா இதழ் போலப் பின்னால் மடிந்து ஒட்டிக்கொள்ளும், தொடையும் இடுப்பும் உருண்டு பருக்கும். சலூகி என்ற இன்னொரு வெளிநாட்டு ஓட்ட நாய் கலந்தால் காதிலும் வாலிலும் நீள மயிர் எட்டிப் பார்க்கும். கன்னியின் கருப்பு, பழுப்பு நிறத்துக்காக டாபர்மேன் கலந்ததில் மண்டை அகன்று மூஞ்சி சதுரமாகும். ஒரே அறிகுறியை வைத்துக் கலப்பு என்று முத்திரை குத்த வேண்டாம். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் தயங்கவும் வேண்டாம். கன்னியும் சிப்பிப்பாறையும் ஓரினமா ஈரினமா என்ற வழக்கைப் பயிற்சி வகுப்பில் தீர்க்க முயலாதீர்கள். அன்று கையிலிருக்கும் தர விளக்கம் எப்படிச் சொல்கிறதோ அப்படியே மதிப்பிடுங்கள்.

இராஜபாளையத்துக்கு இரண்டே குறிப்பு. பால்வெள்ளையும் இளஞ்சிவப்பு மூக்கும் அதன் அடையாளம். அதே வெள்ளையோடு பிறவிச் செவிட்டுத்தன்மையும் சேர்ந்து வரலாம். பின்னால் நின்று கைதட்டிப் பார்ப்பது சோதனையாகாது. நாய் நிழலையும் தரை அதிர்வையும் உணர்ந்து திரும்பும். ஒரு காது மட்டும் கேட்காத நாயை அந்த முறையில் கண்டுபிடிக்கவே முடியாது. பேயர் எனப்படும் செவிநரம்புச் சோதனைதான் வழி, அது வளர்ப்பவரின் பொறுப்பு. மற்றது உதடு. கனத்த அயல் இனம் கலந்தால் உதடு தொங்கும், எச்சில் வடியும், கழுத்தில் தோல் மடியும். கோம்பை என்ற இன்னொரு நாட்டு இனத்துக்குத் தனி வகுப்பே வேண்டும், இதோடு சேர்த்து அவசரமாக முடிக்காதீர்கள்.

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஆட்டுப்பட்டிகளில் நிற்கும் காவல் நாய்களை அழைத்து வந்து புது இனம் என்று காட்ட ஆசைப்படுகிறவர்களுக்கும் ஒரு சொல்: அவை அருமையான நாய்கள். ஆனால் பெற்றோரைப் போலவே குட்டி வருகிறதா என்று சில தலைமுறை பார்க்காமல் இனப்பெயர் சூட்டுவது அவற்றுக்கு நல்லதல்ல.

பயிற்சி பெறுவோருக்கு நேராக ஒன்று. கண்காட்சியில் நாட்டு நாய்ப் பிரிவில் பெரும்பாலும் இரண்டு நாய்தான் நிற்கும். இரக்கப்பட்டுச் சேலஞ்ச் சர்டிபிகேட்டில் (சாம்பியன் பட்டத்துக்குக் கணக்காகும் சான்றிதழ்) கையெழுத்துப் போடாதீர்கள். தகுதி இல்லையென்றால் நிறுத்திவைக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் காரணத்தை வளர்ப்பவருக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள். இங்கே தமிழோடு தெலுங்கும் கன்னடமும் பேசும் வளர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால், அவர் தோற்றதை மட்டும்தான் தெரிந்துகொள்வார்.

நடத்துவதற்கான ஏற்பாடுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். சித்திரை, வைகாசி வேண்டாம், கார்த்திகை முதல் மாசி வரை நல்ல காலம். மாங்கனிக் கண்காட்சிச் சமயத்து நாய்க் காட்சி பொதுமக்கள் பார்க்க நல்லதுதான், பயிற்சிக்கு அந்தக் கூட்டமும் மைக் சத்தமும் ஆகாது. காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் நாய்களை அனுப்பிவிட வேண்டும். புறங்கையைத் தரையில் ஏழு நொடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. ஆழ்ந்த மார்பு நாய்களுக்கு வயிறு முறுக்கும் ஆபத்து உண்டு, வருவதற்கு நான்கு மணி நேரம் முன்பே தீனியை நிறுத்திவிடுவோம். தண்ணீர் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக வேண்டும். பயிற்சி பெறுவோர் ஐந்து ஐந்து பேராகப் பிரியட்டும். ஒரு நாயைப் பத்துப் பேருக்கு மேல் தொடர்ந்து தொடக் கூடாது, கால் மணி நேரம் நிழலில் விட வேண்டும். ரேபிஸ், டிஸ்டெம்பர், பார்வோ தடுப்பூசிச் சான்று இல்லாத நாயை வாசலிலேயே திருப்புங்கள், எங்கள் நாயாக இருந்தாலும். மைக்ரோசிப் படிக்கும் கருவியும் கையில் இருக்கட்டும்.

ஆறு நாய்கள், 30 மீட்டர் மண் பாதை, ஓர் அளக்கும் பலகை, தார்ப்பாய் நிழல், துணி இழுக்கக் கயிறு, இவ்வளவையும் கட்டணமின்றி நாங்கள் ஏற்பாடு செய்கிறோம். நீங்கள் தேதி சொல்லி, கால்நடை மருத்துவர் ஒருவரை அழைத்து வந்தால் போதும். இருபது நாள் முன்பே சொல்லுங்கள். கட்டிப்போடாமல் ஓடவிட்டு உடம்பைத் தயார் செய்ய எங்களுக்கு அவ்வளவு நாள் தேவை.

இப்படிக்கு,
கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட நாட்டு நாய் வளர்ப்போர்